கள்ளக்குறிச்சியில் ஓர் உளவியலாளரைத் தேடுவது

மனநல வழிகாட்டிகள் பெரும்பாலும் பெருநகரவாசியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நாலைந்து உளவியலாளர்களைப் பற்றி விசாரியுங்கள், இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள், ஒத்துவருபவரை வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சென்னை அண்ணா நகரில் இருப்பவருக்கு நல்ல யோசனைதான். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறும் பேருந்தில் வெள்ளிமலைக்குப் போகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கும் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. யார் யார் என்று பிரித்தறிவதிலும், முதல் சில சந்திப்புகளில் கவனிப்பதிலும், ஒத்துவராதபோது எழுந்து வருவதிலும் அந்த இடம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்குப் பின் இந்தப் பெயர் இரண்டு முறை நாடு முழுக்க அடிபட்டது. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி மாணவியின் மரணமும் அதையொட்டிய கலவரமும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. இப்படி ஒன்று நடந்தால் ‘கவுன்சலிங் கொடுக்க வேண்டும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். யார் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. துயரம் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவர்களை ஒரே ஒரு முறை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு எப்போதோ காட்டிவிட்டது. கணவனைப் பறிகொடுத்தவளின் அழுகை நோயல்ல. ஆனால் ஓராண்டு கடந்தும் அடுப்பு மூட்ட மனமில்லாமல் கிடந்தால் அவளுக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் கேமராவோடு ஒருமுறை வந்துபோகிறவராக இருக்க முடியாது.

முதலில் ஆட்களைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுதுவார், தேவையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்கிற மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். உளவியலில் முதுகலை படித்து, அதன்மேல் மருத்துவமனையில் நோயாளிகளோடு இரண்டாண்டு பயிற்சியுள்ள எம்.பில். முடித்திருப்பார். பரிசோதனைகள் செய்வார், பேச்சின் வழி சிகிச்சை தருவார். மனநல சமூகப் பணியாளர் குடும்பம், வேலை, அரசு உதவி என்று நோயாளியின் வெளி உலகத்தைப் பார்த்துக்கொள்பவர். மீதமிருப்பது ‘கவுன்சலர்’. இந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலைதான் நெடுங்காலமாக இருக்கிறது. தபால் வழியில் முதுகலை படித்தவரும், மூன்று மாதச் சான்றிதழ் வாங்கியவரும், ஒன்றும் படிக்காமல் ‘மைண்ட் பவர்’ வகுப்பு எடுப்பவரும் இந்த ஒரே பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நன்கு பயின்ற, அக்கறையுள்ள ஆலோசகர்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் பிரித்தறிவது நம் வேலையாகிவிடுகிறது.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வைத்து அந்த கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் பார்த்துவிடலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு விஷயம். மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குபடுத்த 2021இல் தனிச்சட்டம் வந்தது. அதன் நடைமுறை மெதுவாகத்தான் நகர்கிறது. எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை அவகாசம் நீட்டித்தது. இனி வரும் தலைமுறையின் பட்டங்களுக்கு வேறு பெயர் இருக்கும். அதனால் பட்டத்தின் பெயரைவிடப் பதிவு எண்ணைக் கேட்பதே நல்லது.

யாரிடம் முதலில் போவது? காதில் குரல் கேட்கிறது, நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் பரபரவென்று திரிகிறார், பிரசவத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார், சாக வேண்டும் என்று வழி தேடுகிறார் என்றால் மனநல மருத்துவரிடம், அதுவும் உடனே. பதற்றம், மனச்சோர்வு, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பரீட்சை பயம், குடியை விட முடியாத தவிப்பு, ஆறாத துக்கம் ஆகியவற்றுக்கு உளவியலாளரிடம் தொடங்கலாம். முற்றியிருந்தால் இருவரும் தேவைப்படுவார்கள். இன்னொன்று: சோர்வுக்கும் படபடப்புக்கும் தைராய்டும் ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே ‘ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா?’ என்று கேட்கிற உளவியலாளர் தன் எல்லை தெரிந்தவர். அவருக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

சினிமா இந்தக் குழப்பத்தை நன்றாக வளர்த்திருக்கிறது. 2005இல் வந்த ‘சந்திரமுகி’யின் மனநல மருத்துவர் ஒரு பங்களாவில் தங்கியபடியே வியாதியைக் கண்டுபிடித்து, உச்சக்காட்சியில் தீர்த்தும் விடுகிறார். அதைப் பார்த்து வளர்ந்தவர் மூன்றாம் வாரமும் வரச்சொன்னால் ‘இவருக்குத் தொழில் தெரியவில்லை’ என்று முடிவுகட்டுகிறார். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைக்கே ஆறு முதல் இருபது அமர்வுகள் வரை ஆகலாம்.

இந்த மாவட்டத்தில் உளவியலாளர் எங்கே கிடைப்பார்? சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு. 1990களின் நடுவில் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் சேர்த்தி. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாக, குறித்த கிழமைகளில் வட்டார மருத்துவமனைகளுக்கு வந்து பார்ப்பது அதன் ஏற்பாடு. இவற்றை விட்டால் சேலம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிகள், புதுச்சேரி ஜிப்மர். சேலத்துக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மலையிலிருந்து வருபவருக்கு அதற்கும் மேல், ஒரு நாள் கூலியும் போகும். சென்னையில் தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 336 ரூபாய் கூலி.

இங்கே பல குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் உளவியலாளரைச் சந்திப்பது மனக்கஷ்டத்துக்காக அல்ல, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக. பிள்ளைக்கு ‘ஐ.க்யூ. டெஸ்ட்’ எடுக்க வேண்டும் என்று அனுப்புவார்கள். கட்டைகளை அடுக்கச் சொல்லி, கேள்வி கேட்டு, சதவீதம் எழுதித் தருகிறவர்தான் சைக்காலஜிஸ்ட் என்று ஊரில் பதிந்துவிட்டது. அதே மேசைக்கு எதிரே அந்தப் பிள்ளையின் தாய் தூக்கமில்லாத கண்களோடு உட்கார்ந்திருப்பாள். ‘நீங்க எப்படிம்மா இருக்கீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் கொட்டித்தீர்ப்பாள். நூறு பேர் வெளியே காத்திருக்கும் முகாமில் அதைக் கேட்க நேரம் இருப்பதில்லை.

பொருத்தம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது வசதியுள்ளவர்கள் பேசும் பேச்சா? 2018இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகரும் சகாக்களும் 295 ஆய்வுகளை, அதாவது 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான இணக்கம், குணமாவதில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை விளக்கியது. கேட்கச் சிறிய எண். ஆனால் சிகிச்சை முறையின் பெயரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் பொதுவாக இதைவிடக் குறைவு. இணக்கம் என்றால் சிரித்துப் பேசுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்வர்ட் போர்டின் 1979இலேயே அதை மூன்றாகப் பிரித்தார்: இருவருக்கும் இடையே ஒட்டுதல், எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. ‘மாமியார் கத்தினாலும் நெஞ்சு படபடக்காமல் இருக்க வேண்டும்’ என்று ஒருத்தி வந்திருக்க, உளவியலாளர் ‘மாமியாரை எப்படி அனுசரித்துப் போவது’ என்று தொடங்கினால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அங்கே பொருத்தம் இல்லை.

ஆய்வுகள் அதிகம் தொடாத ஒன்று சின்ன ஊரின் பொருத்தம். அதில் முதலிடம் ரகசியத்துக்கு. எந்த அரசு மருத்துவமனையிலும் காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலைப் பாருங்கள். ‘எந்த டாக்டர்?’ என்பார் உள்ளே இருப்பவர். வந்தவள் மெதுவாகச் சொல்வாள். ‘சத்தமா சொல்லும்மா.’ அவள் இன்னும் மெதுவாகச் சொல்வாள். பின்னால் சர்க்கரை மாத்திரைக்கு நிற்பவர் அவள் சித்தப்பாவின் சம்பந்தியாக இருப்பார். அறைக்கதவு பாதி திறந்தே இருக்கும். அடுத்த நோயாளி உள்ளே தலைநீட்டிக்கொண்டே நிற்பார். பெண்பார்க்க வரும் காலத்தில் இந்தச் செய்தி அந்தப் பெண்ணுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இதனாலேயே பக்கத்தில் ஆள் இருந்தும் சேலத்துக்குப் போகிறார்கள். தூரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே நல்ல உளவியலாளரின் முதல் அடையாளத்தைச் சுவரில் தொங்கும் சான்றிதழைவிடக் கதவில் தேடலாம். எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறாரா? மாமியாரோ கணவரோ கூடவே வந்து உட்கார்ந்து, ‘இவளுக்கு ஒண்ணுமில்ல சார், சும்மா யோசிச்சிக்கிட்டே கெடக்கா’ என்று தாங்களே பதில் சொல்லும்போது, ‘நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா, பாப்பாகிட்ட தனியா பேசிட்டுக் கூப்பிடறேன்’ என்கிறாரா? இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவரை நம்பலாம். சொல்லாமல் மாமியாரிடமே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் இன்னொருவரைத் தேடுங்கள்.

அடுத்தது சாதி. நம் பக்கத்தில் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டாலே போதும். ஊரா, காலனியா என்பது தெரிந்துவிடும். முகவரி எழுத ஊர்ப்பெயர் வேண்டும். தெருவைக் கிண்டுகிறவர் வேறெதையோ தேடுகிறார். சொந்தச் சாதிக்காரரே வேண்டும், அல்லது சொந்தச் சாதிக்காரர் மட்டும் வேண்டாம் என்று இரண்டு விதமாகவும் மக்கள் நினைக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் பயம் ரகசியத்தைப் பற்றியது. அமெரிக்காவில் இனப் பொருத்தம் பற்றி 2011இல் கப்ராலும் ஸ்மித்தும் ஆய்வுகளைத் தொகுத்தபோது, தன் இனத்தவரையே மக்கள் விரும்புகிறார்கள், அவர்களைக் கொஞ்சம் உயர்வாகவும் மதிப்பிடுகிறார்கள், ஆனால் குணமாவதில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை என்று வந்தது. இதை அப்படியே சாதிக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், நம் ஆளா என்பதைவிட நம்மை மதிக்கிற ஆளா என்று பார்ப்பதற்கு இது ஓர் ஆதாரம். காதலைப் பற்றியோ கலப்பு மணத்தைப் பற்றியோ பேசும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான், அவர்களுக்கே உரிய சொற்களோடும் இழுப்போடும். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. கருணாபுரம் சாவுகளுக்குப் பின் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்தபோது, பேச்செல்லாம் சாலை, ஆம்புலன்ஸ், செல்பேசிக் கோபுரம், ரேஷன் என்றுதான் போனது. நியாயமும்கூட. சாலையில்லாத ஊருக்கு உளவியலாளர் எப்படி வருவார்? ஆண்கள் பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறையைப் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் மனத்தில் ஏறிய பாரத்தை இறக்கிவைக்க இருப்பது பூசாரியும் கோடாங்கியும் சாமியாடியும்தான். இதைக் கேலி செய்யும் உளவியலாளர் மலைக்கு ஆகமாட்டார். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவதும் தர்காக்களில் தங்குவதும் தமிழ்நாட்டின் பழைய மனநல ஏற்பாடுகள். ஆனால் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதும் இந்த ஏற்பாடுகளின் ஓரத்தில்தான். ‘சாமி கும்பிடுங்க, கயிறு கட்டிக்குங்க, மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க, ஆளைக் கட்டிவைக்காதீங்க’ என்று சொல்பவரே இங்கே பொருத்தமானவர்.

மலைக்கு எம்.பில். படித்தவர் வந்து உட்காரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்கிறது கோவாவின் அனுபவம். விக்ரம் படேலின் குழு, உள்ளூரில் இருந்து எடுத்த, முன்பு எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாதவர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தது. 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பள்ளிப்படிப்பு முடித்த மலையாளிப் பெண்கள் இருக்கிறார்கள். மொழியும் தெரியும், ஊரும் தெரியும். ஊர் தெரிந்தவர் என்பதாலேயே ரகசியக் காப்பில் அவர்களுக்கு இரட்டிப்புப் பயிற்சி தேவைப்படும். மேலே ஓர் உளவியலாளர் இருந்து அவர்களை வாராவாரம் கேட்டு வழிநடத்த வேண்டும். தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் எடுக்கப்பட்டபோது, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான தொல்லைகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. எம்.பில். பட்டதாரிகளை மட்டும் வைத்து இந்த இடைவெளியை அடைக்கவே முடியாது.

ஆள் கிடைத்துவிட்டார், உட்கார்ந்தாயிற்று. என்ன கேட்பது? என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, இந்த மாதிரித் தொல்லையை முன்பு பார்த்திருக்கிறீர்களா, எத்தனை முறை வர வேண்டியிருக்கும், நான் சொல்வதை யார் யாரிடம் சொல்வீர்கள். படித்தவரை இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற கூச்சம் நமக்கு உண்டு. நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுந்து வர வேண்டிய அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே சிட்டிங்கில் சரியாகிவிடும் என்கிற உத்தரவாதம்; டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது; அறிவுரையும் வசையுமாகவே முழு நேரமும் பேசுவது; ராசிக்கல், காந்தப்படுக்கை விற்பது; சந்திப்புக்கு வெளியே ராத்திரியில் வாட்ஸ்அப்பில் குசலம் விசாரிப்பது; தொடுவது. கடைசியாகச் சொன்னது நடந்தால் எழுந்து வந்தால் மட்டும் போதாது, புகார் கொடுக்க வேண்டும்.

ஒருபால் ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவர். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட முயற்சிகளைத் தடைசெய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தீர்ப்பு எழுதுவதற்கு முன், இந்த விஷயத்தில் தன் மனத்தில் உள்ள தயக்கங்களைப் புரிந்துகொள்ள அந்த நீதிபதியே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். அதைத் திறந்த நீதிமன்ற உத்தரவில் எழுதியும் வைத்தார். உயர் நீதிமன்ற நீதிபதி போகலாம் என்றால் சின்னசேலம் வாத்தியாரும் போகலாம்.

இரண்டு மூன்று சந்திப்புக்குப் பின்னும் எதுவும் நகரவில்லை என்றால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். அழுகை கூடுவதும், வர மனமில்லாமல் போவதும் சிகிச்சையின் நடுவே நேர்வதுதான். சொன்னபின் அவர் அணுகுமுறையை மாற்றுகிறாரா, உங்கள்மேல் பழி போடுகிறாரா என்பதில் பதில் கிடைத்துவிடும். மாறுவது என்று முடிவெடுத்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம். உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையையும் அதே சட்டம் விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

போக வழியில்லாத இரவுகளுக்கு 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை; இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். முகம் தெரியாதது சின்ன ஊர்க்காரருக்கு வசதி. ஒரே ஆளிடம் வாராவாரம் தொடர்வதற்கு அது மாற்றாகாது, ஆனால் எங்கே போவது என்று கேட்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கோபுரம் எட்டாத மலை ஊர்களுக்கு அதுவும் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் போகும்படி இருக்கக் கூடாது என்கிறது. குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் கிடைக்காவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான் பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை, எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்கு இருக்கும், அதில் உளவியலாளர் யார், அவருடைய பதிவு எண் என்ன, பெண் உளவியலாளர் வருவாரா என்பதை, சங்கராபுரம் முதல் வெள்ளிமலை வரை ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சீட்டு போடும் ஜன்னலில் சத்தமாகச் சொல்லத் தேவையில்லாதபடி அந்தப் பிரிவுக்கு ஓர் எண் கொடுங்கள். அறைக்கு மூடக்கூடிய ஒரு கதவு போடுங்கள். மாவட்ட நிர்வாகம் இந்த மூன்றையும் நாளைக்கே செய்யலாம்.